பழுதில்லாத பாகங்கள்

புகை கலைந்தபோது முதலில் தெரிந்தது அத்தானின் வழுக்கைத் தலை. அடுத்துத் தெரிந்தது அவர் முகம். அதைப் பார்த்ததும், புகை இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போயிருக்கலாம் என்று பட்டது.

புகைக்குக் காரணம் நான்தான். இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் வேறு யாரும் எதையும் நேராகச் சொல்கிற வழக்கம் இல்லாததால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

நடந்தது இவ்வளவுதான். அக்கா ரேஸ் ட்ராக்கில் ஓட்டும் காரில் காலையில் ஆயில் அளவு பார்த்தேன். பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அளவு பார்க்கும் கம்பியை உருவினால், கழுவிக் காயவைத்த கரண்டி மாதிரி இருந்தது. ஐயோ பாவம், வண்டி பட்டினி கிடக்கிறதே என்று ஒரு கேன் ஊற்றினேன். மறுபடி உருவினேன். நுனியில் பொட்டு வைத்தாற்போல ஓர் ஈரம். மனசு கேட்கவில்லை. இன்னொரு கேனையும் கவிழ்த்தேன். யாருக்கும் தெரியாமல் ஓர் உபகாரம் செய்துவிட்ட திருப்தியில் கையைத் துடைத்துக்கொண்டு போய் ரொட்டி தின்றேன்.

ஊரில் ஓடுகிற மற்ற வண்டிகளுக்கெல்லாம் இன்ஜினை நிறுத்தி வைத்துத்தான் ஆயில் பார்ப்பார்கள். இந்த வண்டிக்கு மட்டும் இன்ஜின் நன்றாகச் சூடேறி, ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டுமாம். ஆறிக் கிடக்கையில் ஆயில், தொட்டியை விட்டிறங்கி இன்ஜினுக்குள் படுத்துக்கொள்ளும். அப்போது கம்பி காய்ந்துதான் இருக்கும். வண்டியைக் கிளப்பினால் எழுந்து தொட்டிக்குத் திரும்பி வரும். அன்றைக்கும் திரும்பி வந்திருக்கிறது. வந்து பார்த்தால் அதன் இடத்தில் நான் ஊற்றியது கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறது. போக்கிடமில்லாமல் மூச்சுக்குழாய் வழியாக ஏறி, காற்று வடிகட்டிக்குள் புகுந்து, அங்கிருந்து இன்ஜினுக்குள் விழுந்து எரிய ஆரம்பித்திருக்கிறது. அக்கா ட்ராக்கின் வாசலில் பச்சைக் கொடிக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். வெள்ளையும் நீலமுமாகக் கிளம்பிய புகையில் முதலில் வண்டி மறைந்தது, பிறகு கொடி மறைந்தது, கடைசியில் கொடியைப் பிடித்திருந்தவரும் மறைந்தார்.

பிழைப்புக்கு நான் செய்யும் வேலையையும் இங்கே சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது. இஸ்திரிப்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் போன்றவற்றுக்குக் கையேடு எழுதுகிறேன். ‘பயன்படுத்தும் முன் இக்கையேட்டை முழுமையாகப் படிக்கவும்’ என்ற வாசகத்தால் வயிறு வளர்ப்பவன். இந்த வண்டியின் கையேடு அத்தானின் அலமாரியில் பிளாஸ்டிக் உறை போட்டு பத்திரமாக இருக்கிறது. நான் படித்ததில்லை. கையேட்டை ஒருவரும் படிப்பதில்லை என்பது, அதை எழுதுகிறவனைவிட யாருக்குத் தெரியும்?

புகைக்குள்ளிருந்து விசில் சத்தம் வந்தது. பின்னாலேயே அதன் உரிமையாளர் வந்தார். ட்ராக்கின் மேற்பார்வையாளர். எப்போதும் கழுத்தில் தொங்கும் விசிலே அவருக்குப் பெயராகிவிட்டது.

“யாருய்யா ஆயில் ஊத்துனது?” என்று இருமினார் விசில்.

அத்தான் என்னைப் பார்த்தார். அவருடைய ஊழியர்களும் நோயாளிகளும் அஞ்சுகிற பார்வை அது.

“நான்தாங்க,” என்றேன். “அளவு பாத்துட்டுத்தான் ஊத்தினேன்.”

“அளவு பாத்தீங்களா? சமையலுக்கா?”

“கம்பி காஞ்சு கிடந்துச்சுங்க.”

“தம்பி, நீங்க அக்கா தம்பியா, இல்ல எதிர் டீம் ஆளா? பாருங்க, தரையெல்லாம் ஆயில். அத்தனை பேரையும் நிறுத்தி வெச்சிருக்கேன். மரத்தூள் மூட்டை அங்க இருக்கு, துடைப்பம் இங்க இருக்கு. ஊத்தின கையால கூட்டிருங்க.”

இதற்குள் அக்கா வண்டியிலிருந்து இறங்கிவிட்டாள். இறங்குவது என்றால் சும்மா கதவைத் திறந்து காலை வைப்பது இல்லை. தோளிலும் இடுப்பிலும் கட்டியிருக்கும் பட்டைகளை அவிழ்த்து, இரும்புக் குழாய்க் கூண்டுக்கு நடுவே உடம்பை மடித்து உருவிக்கொண்டு வரவேண்டும். ஹெல்மெட்டைக் கழற்றினாள். திட்டு வாங்கத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். திட்டுவதில் அவள் கைதேர்ந்தவள். சின்ன வயதில் என் சைக்கிள் மணி காணாமல் போனதற்குக்கூட என்னைத்தான் திட்டினாள்.

“நல்லதாப் போச்சு,” என்றாள். “டீ இருக்காடா?”

ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, விடுமுறை விட்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி காலை ஆட்டிக்கொண்டு குடித்தாள்.

திட்டாத அக்காவை நான் பார்த்ததில்லை.

அத்தான் பல் டாக்டர். ‘கொஞ்சம் கூசும், அவ்வளவுதான்’ என்பார். நோயாளி நாற்காலியின் கைப்பிடியைப் பிய்த்துக்கொண்டு எழுந்திருப்பார். அக்கா விமான நிலையத்தில் அறிவிப்பாளர். ‘தொழில்நுட்பக் காரணங்களால் விமானம் தாமதமாகப் புறப்படும்’ என்று தேன் தடவின குரலில் சொல்வாள். என்ன தொழில்நுட்பம், எவ்வளவு தாமதம் என்பது அவளுக்கே தெரியாது. இந்த இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொண்டால் வீட்டில் ஒரு கேள்விக்காவது பதில் கிடைக்குமா? ‘ராத்திரி சாப்பிட என்ன?’ என்று கேட்டால் ஒருத்தர் ‘பாக்கலாம்’ என்பார், இன்னொருத்தி ‘சொல்றேன்’ என்பாள்.

அந்த வீட்டில் மனதில் பட்டதைப் பட்டென்று சொல்வது இந்த வண்டி ஒன்றுதான். பழைய ஸ்போர்ட்ஸ் கார். இன்ஜின் பின்னால் இருக்கிறது. அதைக் குளிரவைக்கத் தண்ணீர் கிடையாது. ஒரு விசிறி அடிக்கிற காற்றும், மேற்படி ஆயிலும்தான். சத்தத்தை அமுக்கத் தண்ணீர் இல்லாததால் உள்ளே நடக்கிற ஒவ்வொன்றும் வெளியே கேட்கும். அத்தான் இதை வாங்கும்போது தோல் இருக்கை, கம்பளம், ரேடியோ எல்லாம் வைத்த சொகுசு வண்டியாக இருந்தது. பல் டாக்டர் கையில் கிடைத்ததல்லவா? ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பின்னிருக்கை போயிற்று. கூரைத் துணி போயிற்று. ரேடியோ இருந்த இடத்தில் இப்போது ஓட்டை. கதவைச் சாத்த ஒரு துணிப்பட்டை. முன்மூடியை எடுத்துவிட்டு ஃபைபரில் ஒன்று போட்டார். ஒரு விரலால் தூக்கலாம். எடை குறையக் குறைய அக்கா வேகம் கூடியது. அவர் கட்டுவார், அவள் ஓட்டுவாள். சக்கரத்துக்குக் காற்று பிடிப்பது, ஃபிளாஸ்க் சுமப்பது ஆகிய இலாகாக்கள் என்னிடம்.

மரத்தூளைத் தூவிவிட்டுக் கூட்ட ஆரம்பித்தேன். விசில் பக்கத்திலேயே நின்று மேற்பார்வை பார்த்தார்.

“மூலையில விட்டுட்டீங்க பாருங்க. வீட்டுல கூட்டினதே இல்லியா?”

“வீட்டுல ஆயில் ஊத்தினதில்லீங்க.”

“வாய் மட்டும் இருக்கு.” சிரித்துவிட்டார். பிறகு, அத்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருந்த ஷெட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “உங்க அக்காகிட்ட சொல்லுங்க தம்பி. நானும் சொல்லிப் பாத்தேன், தலையாட்டிட்டுப் போறாங்க. கொக்கி வளைவுல கால எடுக்கறாங்க. போன மாசம் சுத்தினதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும்.”

கொக்கி வளைவு என்பது ட்ராக்கின் கடைக்கோடியில் இருக்கும் நீண்ட திருப்பம். போன மாதம் அங்கே அக்காவின் வண்டி பம்பரம் மாதிரி சுற்றி, வந்த வழியையே பார்த்தபடி புல்தரையில் போய் நின்றது. வண்டியில் ஒரு கீறல் இல்லை, அவளுக்கும் ஒரு சிராய்ப்பு இல்லை. எல்லோரும் கைதட்டிச் சிரித்தோம். ‘தொழில்நுட்பக் காரணம்,’ என்று அறிவிப்புக் குரலில் சொல்லி அவளும் சிரித்தாள்.

விசில் சொன்னதன் பொருள், இத்தனை நாள் ஃபிளாஸ்க் சுமந்ததில் எனக்கும் புரிந்தது. இந்த வண்டியில் கனமெல்லாம் வாலில் இருக்கிறது. வளைவுக்குள் நுழைவதற்கு முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் தயங்கலாம். நுழைந்த பிறகு தயங்கக் கூடாது. பாதி வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வால், தலையை முந்திக்கொண்டு வரும். வேறு வண்டியில் பயந்து காலை எடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம். இதில் பயப்படுவதுதான் ஆபத்தே. அன்றைக்குப் புல்தரை இருந்த பக்கமாகச் சுற்றியதால் சிரித்தோம். எதிர்ப்பக்கம் சுவர் இருக்கிறது.

துடைப்பத்தைச் சாத்திவிட்டு ஷெட்டுக்குப் போனேன்.

அத்தான் வண்டியின் பின்புறத்துக்குக் கீழே படுத்திருந்தார். கூடுதல் ஆயிலை வடித்தாகிவிட்டது. காற்று வடிகட்டியைப் பிழிந்து காயப்போட்டிருந்தார். ஸ்பார்க் பிளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடியால். ஆமாம், கடைவாய்ப் பல் பார்க்கிற அதே கண்ணாடிதான். இன்ஜினின் அடிப்பக்கத்துப் பிளக்குகளை வேறெப்படியும் பார்க்க முடியாதாம். காலையில் நோயாளி வாய்க்குள் போகிற கண்ணாடி இதுதானா என்று ஒருமுறை கேட்டேன். ‘பாக்கலாம்’ என்றார்.

“அத்தான், இன்ஜினுக்கு ஏதாவது ஆயிடுச்சா?”

“கொஞ்சம் கூசும். அவ்வளவுதான்.”

பிடித்துக்கொள்ள நாற்காலிக் கைப்பிடி தேடினேன்.

“நிஜமாச் சொல்லுங்க.”

“பிளக் கருத்துப் போச்சு, துடைச்சா சரியாயிடும். நீ அந்த டார்ச்சப் பிடி மச்சான். ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா மட்டும் சொல்லியிருப்பீங்களா?”

டார்ச்சைப் பிடித்தபடி சுற்றிலும் பார்த்தேன். சுவர் ஓரத்தில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே வண்டியிலிருந்து கழற்றிய பாகங்கள்: பின்பக்க ஷாக் அப்சார்பர்கள், பிரேக் தகடுகள், கிளட்ச் தட்டு. பக்கத்தில் அடுக்கியிருந்த டயர்களில் ரப்பர் நுனிகூடத் தேயவில்லை. போன மாதத்திலிருந்து அக்கா ஒவ்வொன்றாகக் குறை சொல்லிவந்தது நினைவுக்கு வந்தது. பின்சக்கரம் வழுக்குது என்றாள், டயர் மாறியது. வால் ஆடுது என்றாள், ஷாக் அப்சார்பர் மாறியது. பிறகு பிரேக். பிறகு கிளட்ச்.

“அத்தான், இதுல எது கெட்டுப்போயிருந்துச்சு?”

“மேலோட்டமாப் பாத்தா தெரியாது.”

“நீங்க கண்ணாடி வெச்சே பாத்திருப்பீங்களே.”

அத்தான் சக்கரம் வைத்த பலகையில் வெளியே உருண்டு வந்து, மல்லாந்தபடியே என்னைப் பார்த்தார்.

“சில பேரு வலிக்கிற பல்ல விட்டுட்டுப் பக்கத்துப் பல்லக் காட்டுவாங்க மச்சான். வலிக்கிறதத் தொட்டுருவேனோன்னு பயம்.”

“அப்ப உங்களுக்குத் தெரியும்.”

“ம்.”

“தெரிஞ்சுக்கிட்டே நல்ல பல்லாப் பாத்துப் பிடுங்கினீங்களா?”

“ஒரு பாகம் மாத்தினா வண்டி ஒரு வாரம் நிக்கும். அந்த ஒரு வாரம் அவ தூங்குவா.”

இந்த மனிதரை நான் இருபது வருடமாகக் கஞ்சன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“வாயத் தொறந்து அவகிட்ட கேக்க வேண்டியதுதானே?”

“நாள் பூரா எல்லாரையும் வாயத் தொறங்கன்னு சொல்றதுதான் எனக்குப் பொழப்பு. வீட்டுக்கு வந்தும் அதேயா?” சிரிக்கப் பார்த்தார். சரியாக வரவில்லை. “கேட்டு, அவ ‘ஒண்ணுமில்ல’ன்னு சொல்லிட்டா? சொல்லிட்டோமேங்கறதுக்காகவே ஓட்டுவா. உங்க அக்காவ உனக்குத் தெரியாதா? இந்த வண்டிய நான் அவளுக்காகக் கட்டினேன்னு நெனச்சுக்கிட்டிருக்கா.”

“அவளுக்காகத்தானே கட்டினீங்க?”

“ஆமா. அதுதான் சிக்கல். வேண்டாம்னு சொல்ல அவளுக்கு வாய் வராது.”

கண்ணாடியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்தார். வடிகட்டியைத் தொட்டுப் பார்த்தார், காய்ந்திருந்தது.

“மதியச் சுத்துக்கு வண்டி தயாராயிடும்,” என்றார். “மாத்தறதுக்கு இனிமே எதுவும் மிச்சமில்ல. காரணம் தீந்துபோச்சு. காலையில எப்படிச் சமாளிக்கறதுன்னு யோசிச்சுக்கிட்டேதான் இருந்தேன். நல்லவேளை, நீ ஆயில் ஊத்தின.”

என் வாழ்க்கையில் என் முட்டாள்தனம் ஒருவருக்குப் பயன்பட்டது அதுதான் முதல்முறை. மகிழ முடியவில்லை. அதன் செல்வாக்கு மதியம் வரைக்கும்தான்.

மதியம் விசில் மீண்டும் ஊதினார். அத்தான் வண்டியைக் கிளப்பினார். ஷெட்டின் தகரமெல்லாம் அதிர்ந்தது. நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டு, என்னைக் கூப்பிட்டார்.

“இப்பப் பாரு. ஓடிக்கிட்டிருக்கும்போது.”

அனல் அடிக்கிற இன்ஜின் பக்கத்தில் முகத்தை வைத்துக் கம்பியை உருவினேன். ஆயில் சரியாக இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. புகை இல்லை. சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை. பாழாய்ப்போன வண்டி, அத்தனை ஆரோக்கியமாக இருந்தது. அத்தான் இன்ஜினை அணைத்தார்.

அக்கா வந்தாள். ஹெல்மெட்டை மாட்டி, தாடைக்குக் கீழே வாரைக் கட்டினாள். கையுறையில் விரல்களை ஒவ்வொன்றாக நுழைத்தாள். வழக்கத்தைவிட நேரமெடுத்தது. பிறகு வண்டிக்குள் நுழையாமல், கதவு வழியாகக் கையை விட்டு ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் அசைத்தாள்.

“என்னங்க, ஸ்டீயரிங் கொஞ்சம் இறுக்கமா இருக்கற மாதிரி இல்ல?”

“அப்படியா?” என்றார் அத்தான்.

“லேசாத்தான். ஓட்டிரலாம். சும்மா சொன்னேன்.”

“பாத்துரலாமே.” அத்தான் கை அதற்குள் ஸ்பேனருக்குப் போய்விட்டது. “கழட்டிப் பாத்தா இன்னைக்கு முடியாது. அடுத்த வாரம்…”

“பாவம், நீங்க காலையிலேருந்து படுத்துக்கிட்டே இருக்கீங்க. விடுங்க, நான் போறேன்.”

“இல்ல, எனக்கென்ன, நான்…”

“பரவால்லங்க.”

ஒருவருக்கொருவர் அவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். அந்த மரியாதையிலேயே அவள் ஒரு காலை வண்டிக்குள் தூக்கி வைத்துவிட்டாள். வெளியே விசில் இரண்டாவது முறை ஊதினார். இன்னும் ஒரு ‘பரவால்ல’ சொன்னால் பட்டைகளைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள், அத்தான் கையசைத்து அனுப்பிவைப்பார், இரண்டு பேரும் பண்பாகவே அந்தச் சுவர் வரைக்கும் போவார்கள் என்று தோன்றியது.

நான் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தேன். நல்ல கனம். வைக்கும்போது கால் விரலில் வேறு போட்டுக்கொண்டேன்.

“என்னடா இது?”

“நீ குறை சொன்னதெல்லாம். ஒண்ணுலயும் குறை இல்ல. வேணும்னா உன் வீட்டுக்காரரக் கேளு.”

அவள் பெட்டியைப் பார்த்தாள். அத்தானைப் பார்த்தாள். அத்தான், பல்லைப் பிடுங்கிவிட்டுத் தட்டில் எங்கே போடுவது என்று தெரியாதவர் மாதிரி ஸ்பேனரைப் பிடித்தபடி நின்றார்.

“தெரியுமா உங்களுக்கு?” என்று கேட்டாள்.

“கொஞ்சம்…” என்று ஆரம்பித்தார் அத்தான். “ஆமா. தெரியும்,” என்று முடித்தார்.

“நீ ஏன்டா இதுல மூக்க நுழைக்கிற? போய் ஏதாவது ஊத்து போ.”

திட்டு வந்துவிட்டது. எனக்கு உயிர் வந்தது.

“ஊத்தறதுக்கு ஆயில் இல்ல. அக்கா, ஒரே கேள்வி. பாக்கலாம், சொல்றேன் எல்லாம் வேண்டாம். இப்ப வண்டிய எடுக்கப் போறியா, இல்லையா?”

மூன்றாவது விசில் கேட்டது. அக்கா வண்டிக்குள் இருந்த காலை வெளியே எடுத்துத் தரையில் வைத்தாள். தாடைக்குக் கீழே கை போயிற்று. கையுறையோடு வாரை அவிழ்க்க வரவில்லை. அத்தான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வந்து அவிழ்த்துவிட்டார். அவள் ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியின் கூரை மேல் வைத்தாள்.

“எடுக்கல,” என்றாள். “ஸ்டீயரிங்லயும் ஒண்ணுமில்ல, டயர்லயும் ஒண்ணுமில்ல. தொழில்நுட்பக் காரணமெல்லாம் எதுவும் கிடையாது. எனக்குப் பயமா இருக்கு.”